தோப்பிலிருந்து மரவாடிவரை: பங்காருபேட்டை மரத்துக்கு விலை எங்கே கூடுகிறது?

கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் உள்ள பங்காருபேட்டை வட்டாரத்தில் பட்டா நிலத்து மரம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் விலைபோகிறது. தரகர் தோப்பை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். நாலைந்து மரங்களைக் கையால் அணைத்துப் பருமன் பார்ப்பார். கண்மதிப்பாக ஒரு தொகை சொல்வார். பேரம் படிந்தால் முன்பணம் கைமாறும். வெட்டுக்கூலி, ஏற்றுக்கூலி, லாரி வாடகை எல்லாம் அவர் பாடு. ஏழெட்டு ஆண்டுகள் வளர்த்த தோப்பு அரை நாள் பேச்சில் முடிந்துவிடுகிறது. அதில் எத்தனை டன் இருந்தது, எத்தனை கன அடி பலகைக்குத் தேறியது, எவ்வளவு விறகாகப் போனது என்பது விற்றவருக்குக் கடைசிவரை தெரியாது. வாங்கியவருக்குத் தெரியும். அந்த வித்தியாசத்தில்தான் அவருடைய லாபம் இருக்கிறது.

மரத்துக்கு மதிப்புக் கூட்டுவது என்றவுடன் நமக்கு ஆலையும் எந்திரமும் வங்கிக் கடனும்தான் நினைவுக்கு வருகின்றன. உண்மையில் விலையின் பெரும்பங்கு அதற்கு முன்பே, தோப்பிலும் வெட்டிய இடத்திலும் தீர்மானமாகிவிடுகிறது. அளப்பது, தரம் பிரிப்பது, காயவைப்பது, சேர்ந்து விற்பது ஆகிய நான்கையும் வளர்த்தவர் கையில் எடுத்துக்கொண்டால் மற்றவை தாமாக வரும் என்பதே இந்தக் கட்டுரையின் முடிவு. அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் ஒரு தெளிவு. நம் நாட்டில் காடு பெரும்பாலும் அரசுடையது. காமசமுத்திரம், பூதிக்கோட்டை பக்கத்துக் காடுகள் வனத்துறையின் பொறுப்பில் உள்ளவை. ஆகவே இங்கே மர உரிமையாளர் என்றால் தைலமரம், சவுக்கு, சில்வர் ஓக், மலைவேம்பு, தேக்கு, மா, புளி ஆகியவற்றைச் சொந்த நிலத்திலும் வரப்பிலும் வளர்க்கும் விவசாயிதான். 1988ஆம் ஆண்டு தேசிய வனக் கொள்கை, ஆலைகள் தமக்கு வேண்டிய மரத்தை விவசாயிகளோடு உறவு வைத்துப் பெற வேண்டும் என்று சொன்னது. 1996 டிசம்பரில் கோதவர்மன் வழக்கில் காட்டில் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தி உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைக்குப் பிறகு காட்டு மரத்தின் வரத்து மேலும் சுருங்கியது. இன்று இந்திய மரத் தொழில் இறக்குமதியையும் விவசாயியின் தோப்பையும் நம்பித்தான் நடக்கிறது.

நேற்றைய பாடம்

இந்த மண்ணுக்கு மரச் சந்தை புதிதல்ல. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலைத் தொடங்கியபோது, சுரங்கத்துக்கு முட்டுக் கொடுக்கவும் கொதிகலன்களில் எரிக்கவும் மரம் தேவைப்பட்டது. 1894இல் பங்காருபேட்டையிலிருந்து, அன்றைய பௌரிங்பேட்டையிலிருந்து, தங்கவயலுக்கு ரயில் பாதை வந்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த பிறகே விறகின் தேவை தணிந்தது.

அடுத்த அலை 1980களை ஒட்டி வந்தது. பிற்பாடு உலக வங்கி உதவியும் பெற்ற சமூகக் காடுகள் திட்டத்தில், நந்தி மலை மரங்களின் வழிவந்த 'மைசூர் கம்' என்னும் தைலமரம் கோலார் மாவட்டமெங்கும் பரவியது. கேழ்வரகு விளைந்த மானாவாரி நிலங்கள்கூடத் தோப்பாயின. வந்தனா சிவா, சரத்சந்திரா, பந்தோபாத்யாய மூவரும் 1981இல் கோலாரைப் பற்றி எழுதிய ஆய்வு, இதனால் உணவுப் பயிரும் வேலைவாய்ப்பும் குறைவதைச் சுட்டிக்காட்டியது. 1983இல் தும்கூர் மாவட்டத்தில் கர்நாடக ராஜ்ய ரைத்த சங்கத்தினர் நாற்றுகளைப் பிடுங்கிப் போராடினார்கள். 2017இல் கர்நாடக அரசு புதிதாகத் தைலமரம் நடுவதற்கே தடை விதித்தது. நிலத்தடி நீர் ஆயிரம் அடிக்கும் கீழே போய்விட்ட மாவட்டத்தில் அந்தத் தடைக்கு நியாயம் உண்டு.

தண்ணீரைப் பற்றி அன்று நிறையப் பேசினோம். சந்தையைப் பற்றி அந்த அளவுக்குப் பேசவில்லை. ஒரே மரம், ஒரே வயது, கூழுக்கும் கழிக்கும் மட்டும் பயன்படும் ஒரே பொருள், விரல்விட்டு எண்ணக்கூடிய வாங்குவோர் என்று அமைந்த எந்தச் சந்தையிலும் விலை சொல்வது விற்பவரல்ல. 1980களின் பிற்பகுதியில் பஞ்சாப், அரியானா, உத்தரப் பிரதேச விவசாயிகள் எல்லோரும் ஒரே சமயத்தில் தைலமரத்தை வெட்டியபோது விலை சரிந்து, பலர் வேரோடு பெயர்த்தெறிந்ததும் இதனால்தான்.

நிற்கும்போதே கூடும் விலை

பலகைக்கும் பிளைவுட்டுக்கும் போகும் மரத்தில் விலையைத் தீர்மானிப்பவை நான்கு: சுற்றளவு, கோணல் இல்லாமை, கணு இல்லாமை, வைரத்தின் அளவு. நான்குமே மரம் நிற்கும்போது முடிவாகின்றன.

மலைவேம்பை எடுத்துக்கொள்வோம். பக்கக் கிளையை இளசிலேயே, தண்டை ஒட்டி, பட்டை கிழியாமல் வாளால் அறுத்துவிட்டால் காயம் மூடி அதன்மேல் கணுவில்லாத மரம் வளர்கிறது. அரிவாளால் ஓங்கி வெட்டி அரையடிக் கட்டையை விட்டுவிட்டால் அது செத்த கணுவாக உள்ளே புதைந்து, பிளைவுட் ஆலையில் உரிக்கும்போது ஓட்டையாக வெளிவருகிறது. செலவு ஓர் ஆள் கூலிதான். ஆனால் இரண்டு தோப்பும் ஒரே விலைக்குப் போகாது.

நெருக்கமாக நட்ட தோப்பைக் கலைத்துவிடுவதும் இப்படித்தான். மூன்றாம் நான்காம் ஆண்டில் நோஞ்சானையும் கோணலையும் கழித்தால் மிச்சமுள்ளவை பருக்கும். நூறு மெல்லிய மரங்கள் தரும் விறகு விலையைவிட ஐம்பது பருத்த மரங்கள் தரும் பலகை விலை மேல். தேக்கில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தண்ணீரும் உரமும் கொட்டிப் பத்துப் பதினைந்து ஆண்டில் பருக்கவைத்த தேக்கில் வெளிப்புற வெள்ளைப் பகுதி அதிகம், வைரம் குறைவு. அந்த வெள்ளைக்குக் கறையானைத் தாங்கும் சக்தி கிடையாது. தச்சர் அதைச் செதுக்கித் தள்ளிவிட்டுத்தான் விலை பேசுவார்.

அளக்கத் தெரியாதவன் விற்கக் கூடாது

நம் மரவாடிகளில் உருட்டுக்கட்டையை அளப்பது கால்சுற்றளவு முறையில். சுற்றளவை நான்கால் வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவார்கள். ஒரு கட்டையை அளந்து பார்ப்போம். நீளம் 3 மீட்டர், நடுச்சுற்றளவு 100 செ.மீ. கால்சுற்றளவு முறையில் கன அளவு 0.1875 கன மீட்டர், அதாவது 6.62 கன அடி. அந்தக் கட்டையில் உண்மையில் இருக்கும் மரமோ 0.2387 கன மீட்டர், 8.43 கன அடி. நூற்றுக்கு இருபத்தொன்றரைப் பங்கு கணக்கிலேயே வருவதில்லை.

இதைப் பித்தலாட்டம் என்று சொல்லிவிட முடியாது. அறுக்கும்போது வீணாகும் பக்கவாட்டுத் துண்டுகளுக்கு ஈடாக வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வரும் வழக்கம் இது. சொல்லும் விலையும் இதே முறைக்கு உரியதாக இருக்கும்வரை நட்டமில்லை. சிக்கல் எங்கே வருகிறது? அதே கட்டையை நடுவில் அளக்காமல் மெல்லிய நுனியில், 90 செ.மீ. உள்ள இடத்தில், நாடா பிடித்தால் கணக்கு 5.36 கன அடியாகச் சுருங்குகிறது. இப்போது உண்மையான மரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போய்விட்டது. நாடாவை எங்கே பிடிப்பது, பட்டையோடா பட்டை நீக்கியா, எந்த முறைக்கு எந்த விலை என்ற மூன்று கேள்விகளை முன்பணம் வாங்குவதற்கு முன் கேட்டுத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். இதைவிட மலிவான மதிப்புக்கூட்டல் வேறில்லை.

எடைக்கு விற்கும் மரத்தில் கணக்கு வேறு. காய்ந்த மரத்தின் எடையில் 80 விழுக்காடு ஈரமுள்ள பச்சை மரம் 10 டன் இருந்தால், ஈரம் 40 விழுக்காடாக இறங்கும்போது அது 7.8 டன்தான். 12 விழுக்காட்டுக்குக் காய்ந்தால் 6.2 டன். ஆகவே கூழாலைக்கு டன் கணக்கில் விற்பவர் வெட்டியவுடன் எடைமேடைக்குக் கொண்டுபோக வேண்டும். லாரி வரத் தாமதமாகும் ஒவ்வொரு நாளும் வெயில் அவருடைய பணத்தை உறிஞ்சுகிறது. பலகைக்கு விற்பவரோ காயவைத்த பிறகே விலை பேச வேண்டும். கொதிகலனுக்கு விற்பவர் காய்ந்த விறகுக்குத் தனி விலை கேட்கலாம். ஈர விறகின் வெப்பத்தில் ஒரு பகுதி அதன் தண்ணீரை விரட்டவே செலவாகிறது என்பது வாங்குபவருக்கும் தெரியும்.

அடுத்தது தரம் பிரிப்பது. ஒரே தோப்பில் அடிமரம் பலகைக்கு, நடுமரம் உரிப்புக்கு, மேல்பகுதி கழிக்கோ கூழுக்கோ, கொம்பும் கிளையும் விறகுக்கு என்று நாலு சரக்கு இருக்கிறது. மொத்தமாகப் பேசும்போது நாலும் கடைசிச் சரக்கின் விலையை நோக்கி இறங்குகின்றன. அரியானாவின் யமுனாநகர் மரச் சந்தையில் பாப்ளர் கட்டைகள் 24 அங்குலச் சுற்றளவுக்கு மேல், 18 முதல் 24, 18க்குக் கீழ் எனப் பிரிக்கப்பட்டு வெவ்வேறு விலைக்குப் போகின்றன. 1984இல் விம்கோ தீப்பெட்டி நிறுவனம் நபார்டு கடனுதவியோடு விவசாயிகளிடம் கொண்டுசேர்த்த மரம் அது. இன்று அந்த ஊரில் ஒரு பெரிய பிளைவுட் தொழிலே அதன்மேல் நிற்கிறது. தரத்துக்குத் தனி விலை உண்டு என்று தெரிந்ததால், விவசாயி தன் மரம் 24 அங்குலத்தைத் தாண்டும்வரை காத்திருக்கக் கற்றுக்கொண்டார்.

வெட்டிய முதல் வாரம்

வெட்டிய தைலமரத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். சாய்த்துத் துண்டு போட்ட சில மணி நேரத்துக்குள் வெட்டுமுகத்தில் மையத்திலிருந்து வெளிப்பக்கமாகக் கீறல் ஓடத் தொடங்கிவிடும். மரம் வளரும்போது உள்ளே இழுபட்டு நின்ற விசை விடுபடுவதுதான் காரணம். அதன்மேல் வெயிலும் பட்டால் கீறல் வெடிப்பாகி, ஓரடி, ஒன்றரையடி மரம் இரு முனையிலும் விறகாகிவிடும். மெழுகையோ கெட்டிப் பெயின்டையோ தாரையோ வெட்டுமுகத்தில் உடனே பூசுவது, கட்டையை நிழலில் வைத்து ஈரச் சாக்கு போர்த்துவது, தேவையான நீளத்தைவிடச் சற்றுக் கூடுதலாகத் துண்டு போடுவது, கூடிய சீக்கிரம் அறுத்துவிடுவது என எல்லாமே கைவேலை. எதற்கும் எந்திரம் வேண்டாம்.

அறுத்த பலகையைச் சுவரில் சாய்த்தும் தரையில் பரப்பியும் வைப்பதால்தான் பாதிப் பலகை வளைகிறது. தரையிலிருந்து ஓரடி உயரத்தில் மேடை கட்டி, ஒவ்வோர் அடுக்குக்கும் இடையில் ஒரே கனமுள்ள குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்று நேராக வரும்படி வைத்து அடுக்க வேண்டும். மேலே கூரை, அதன்மேல் பாரம். காற்று உண்டு, நேர் வெயில் இல்லை என்ற நிலையில் ஓர் அங்குலப் பலகை சில மாதங்களில் பக்குவப்படும். பிளாஸ்டிக் தாள் போர்த்திய கொட்டகையும் மின்விசிறியும் கொண்ட சூரிய உலர்கலனில் அது சில வாரங்களில் முடியும். ஆண்டில் பெரும்பகுதி நல்ல வெயிலும், 700 முதல் 750 மி.மீ. மழையும் உள்ள கோலாருக்கு ஏற்ற கருவி இதுதான். நாற்காலிக்கும் அலமாரிக்கும் 8 முதல் 12 விழுக்காடு ஈரத்தில் பலகை கேட்பார்கள். ஈரமானியில் அந்த எண்ணைக் காட்டி விற்கிறவருக்குப் பெங்களூரில் தனி மரியாதை உண்டு.

இந்த வேலைகளைக் கற்றுக்கொள்ள வெகுதூரம் போக வேண்டாம். பெங்களூர் மல்லேஸ்வரத்தில் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. அங்கே மரவேலைக்கான உயர்நிலைப் பயிற்சி மையமும் உண்டு. பிளைவுட் ஆய்வுக்காக 1962இல் தொடங்கிய இன்னொரு நிறுவனம் தும்கூர் சாலையில் உள்ளது. தமிழ்நாட்டில் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி, விவசாயியையும் நாற்றுப் பண்ணையையும் ஆலையையும் ஒரே ஒப்பந்தத்தில் இணைக்கும் முறையை வளர்த்திருக்கிறது.

மருந்து போட்ட மரம்

ஒரு மரத்தின் தலைவிதியை மருந்து எப்படி மாற்றும் என்பதற்கு ரப்பர் மரமே சாட்சி. பால் வற்றிய ரப்பர் மரம் ஒரு காலத்தில் விறகுக்கும் பெட்டிப் பலகைக்கும் மட்டும்தான் போனது. அறுத்த உடனே பூஞ்சையும் துளைவண்டும் பிடித்துவிடும். அறுத்த பலகையைப் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்து உலர்கலனில் காயவைக்கும் முறை நிலைபெற்ற பிறகு, அதே மரம் மலேசியாவின் ஏற்றுமதி நாற்காலியாயிற்று, கேரளத்தின் இணைப்புப் பலகையாயிற்று. மரம் மாறவில்லை. வெட்டியபின் செய்த வேலை மாறியது.

வெளியில் மண்ணில் நிற்கும் மரத்துக்கு உலகமெங்கும் பயன்பட்ட தாமிர–குரோம்–ஆர்சனிக் மருந்தைக் கண்டுபிடித்தவர் இந்தியரான சோந்தி காமேசன். டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் 1933இல் செய்த வேலை அது. ஆர்சனிக் நஞ்சு என்பதால் இன்று பல நாடுகள் வீட்டு உபயோகத்தில் அதைக் கட்டுப்படுத்திவிட்டன. உணவுப் பயிருக்கு அருகில் ஆர்சனிக் இல்லாத தாமிர மருந்துகளே ஏற்றவை.

இதை ஏன் வலியுறுத்த வேண்டும் என்றால், கோலார் தக்காளி மாவட்டம். கொடி ஏற்ற வயலெங்கும் கழி நடுகிறார்கள். மருந்து போடாத கழி மண்ணோடு ஒட்டிய இடத்தில் மக்கி ஒடிந்துவிடுகிறது. பச்சைக் கழியின் அடிமுனையை மருந்துக் கரைசலில் நிறுத்திவைத்தால், கழியில் உள்ள நீர் மேலே ஆவியாக ஆவியாக மருந்து உள்ளே ஏறும். ஒரு தொட்டியும் ஒரு கொட்டகையும் கையுறையும் போதும். வாங்குபவர் பக்கத்து வயல்காரர். பங்காருபேட்டை விவசாயி நாளையே தொடங்கக்கூடிய தொழில் இது.

எந்தச் சரக்கு யாருக்கு

மாவட்டத்துக்குள்ளும் அதை ஒட்டியும் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். மாலூரின் செங்கல், ஓட்டுச் சூளைகள், வேமகல், நரசாபுரம் தொழிற்பேட்டைகள், சித்லகட்டா பக்கத்துப் பட்டு நூற்பு அடுப்புகள் எரிபொருள் தேடுகின்றன. மரத்தூளும் இழைப்புச் சுருளும் அழுத்திய கட்டிகளாக அங்கே போகலாம்.

மாமரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சீனிவாசபுரம் சுற்றிலும் உள்ள முதிர்ந்த மாந்தோப்புகள் வெட்டப்படும்போது கட்டை பெட்டிப் பலகைக்கும் சூளைக்கும் போய்விடுகிறது. ராஜஸ்தானின் ஜோத்பூரிலோ மாமரத்தில் செய்த மேசையும் அலமாரியும் வெளிநாடுகளுக்குக் கப்பலேறுகின்றன. வித்தியாசம் வெட்டிய சில நாட்களுக்குள் அறுத்து, போரான் கரைசலில் முக்கி, காயவைப்பதில் இருக்கிறது. தாமதித்தால் நீலக்கறை படியும், வண்டு துளைக்கும், பிறகு அது விறகுதான்.

மெல்லிய மரத்துக்கும் வழி உண்டு. சென்னபட்டணத்துக் கடைசல் பொம்மைகள் காலங்காலமாக வெட்பாலை மரத்தில் செய்யப்படுகின்றன. கைத்தடி பருமனுள்ள மரம் அங்கே புவிசார் குறியீடு பெற்ற கலைப்பொருளாகிறது. பண்ருட்டிப் பலா மிருதங்கமும் வீணையுமாகிறது. அரும்பாவூரிலும் தம்மம்பட்டியிலும் வாகையும் மாவும் சிற்பமாகின்றன. இவை சிறு சந்தைகள், எல்லார் மரத்தையும் இவை விழுங்கிவிடாது. ஆனால் வரப்பில் நிற்கும் பத்து வெட்பாலையும் ஒரு முதிர்ந்த பலாவும் விறகு லாரியில் ஏறுவதற்கு முன் ஒரு தொலைபேசி அழைப்புக்கு உரியவை.

சட்டம் தரும் இடமும் தடையும்

1976ஆம் ஆண்டு கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி பட்டா நிலத்து மரத்தை வெட்டவும் அனுமதி வேண்டும். சவுக்கு, தைலமரம், சில்வர் ஓக், சூபாபுல் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. விலக்குள்ள மரத்தையே விவசாயி நாடியதற்கு இதுவும் ஒரு காரணம். சந்தன மரத்தின் உரிமை 2001இல் செய்த திருத்தத்தால்தான் நிலத்துக்காரருக்கு வந்தது. 2014இல் வேளாண் காடு வளர்ப்புக்கென்று தேசியக் கொள்கை அறிவித்த முதல் நாடு இந்தியா. 2023 டிசம்பரில் நாடு முழுவதற்கும் ஒரே மரக் கடவுச்சீட்டு முறையும், இந்திய வன, மரச் சான்றளிப்புத் திட்டமும் தொடங்கின. 2025 ஜூனில் விளைநிலத்து மரங்களை வெட்டுவதற்கான மாதிரி விதிகளை மத்திய அரசு வெளியிட்டது. திசை சரியாக இருக்கிறது. மாநிலங்கள் அதைத் தாலுகா அலுவலகம்வரை கொண்டுவர வேண்டும்.

மரம் அறுக்கும் மில் வைப்பது மட்டும் எளிதல்ல. உச்ச நீதிமன்ற ஆணைகளும் 2016ஆம் ஆண்டு வழிகாட்டு விதிகளும் உரிமத்தைக் கட்டுப்படுத்துகின்றன. ஆகவே இப்போதைக்கு, உரிமம் உள்ள மில்லில் கூலிக்கு அறுத்துவாங்கி, காயவைப்பதையும் மருந்திடுவதையும் வளர்ப்போர் தம் கையில் வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு உகந்தது.

கூட்டு இல்லாமல் இது நடக்காது

இரண்டு ஏக்கர்க்காரர் ஈரமானியும் உலர்கலனும் வாங்க முடியாது. ஒரு லாரி பலகைகூட அவரிடம் சேராது. ஸ்வீடனில் 1938இல் தொடங்கிய சோத்ரா என்னும் கூட்டுறவு, ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு காட்டுடைமையாளர்களைச் சேர்த்துச் சொந்தக் கூழாலையும் மரம் அறுக்கும் ஆலையும் நடத்துகிறது. அதைப் பார்த்து ஏங்க வேண்டியதில்லை. கோலார் விவசாயி தினமும் காலையில் பாலை ஊர்ச் சங்கத்தில் ஊற்றிக் கொழுப்புக்கேற்ற விலை வாங்குகிறவர். அளந்து, தரம் பார்த்து, சேர்த்து விற்கும் பழக்கம் அவர் வீட்டிலேயே இருக்கிறது.

2020இல் மத்திய அரசு அறிவித்த பத்தாயிரம் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் திட்டத்தில், ஒரு நிறுவனத்துக்கு மூன்றாண்டுகளில் 18 லட்சம் ரூபாய்வரை நிர்வாக உதவி வகுக்கப்பட்டது. பங்காருபேட்டையில் மரம் வளர்ப்போர் அப்படி ஒன்றை அமைத்து, ரயில் சந்திப்புக்கு அருகில் ஒரு பொது மரக்களம் வைக்கலாம். எடைமேடை, தரம் பிரிக்கும் இடம், மருந்துத் தொட்டி, சூரிய உலர்கலன், ஏல நாள், இவ்வளவே அதற்குத் தேவை. 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடிய பிறகு தங்கவயலின் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள் பல்லாயிரம் பேர் தினமும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். எந்திரம் அறிந்த அந்தக் கைகளில் சிலவற்றுக்கு இங்கேயே வேலை கிடைக்கும்.

இந்த மண் ஒரு பாடத்தை நூற்றிருபது ஆண்டுகள் கண்ணெதிரே நடத்திக் காட்டியது. தங்கவயலில் யாரும் பாறையை ரயிலேற்றி அனுப்பவில்லை. அங்கேயே இடித்து, அரைத்து, உருக்கிக் கட்டியாக்கித்தான் அனுப்பினார்கள். மரத்தை மட்டும் நாம் பாறையாகவே அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. ஏக்கருக்குக் கோடி தரும் என்று மகோகனிக்கும் அகில் மரத்துக்கும் செம்மரத்துக்கும் நாற்று விற்பவர்கள் ஊர்தோறும் வருகிறார்கள். 1990களில் தேக்குத் தோட்டப் பத்திரங்களை நம்பிய நடுத்தர மக்கள் 1998இல் சென்னையின் அனுபவ் நிறுவனம் சரிந்தபோது சேமிப்பை இழந்தார்கள். மரத்தில் திடீர்ப் பணம் கிடையாது. பொறுமைக்கும் கணக்குக்கும் உரிய பணம் நிச்சயம் உண்டு.

ஆகவே தோப்பு வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு மரம் விற்பதாக இருந்தால், தரகரை அழைப்பதற்கு முன் ஓர் அளவுநாடா வாங்குங்கள். உங்கள் மரத்தை நீங்களே அளந்து, தரவாரியாக எழுதி, பக்கத்துத் தோப்புக்காரரின் கணக்கோடு சேர்த்து வையுங்கள். அதற்குப் பிறகு விலை பேசுங்கள்.